நெடுந்தீவு ஐயாவுக்கு எழுதிய ‘இல்லை’

நெடுந்தீவு ஐயாவின் படிவத்தில், சிகிச்சை முழுமையாகக் கைகூடியதா என்று கேட்ட கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் வைத்தியசாலை விடுதியின் பொறுப்புத் தாதியான சிஸ்டர் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த பதில், உண்மையாக இருந்தும், போதாததாகவே மனதில் தங்கிவிட்டது.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைகளின் பெறுபேறுகளைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இறப்பு வீதத்தை மட்டும் கணக்கிடுவதில் பயனில்லை என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. ஆண்டுக்கு 40 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்யும் ஒரு பிரிவில் ஒருவர் இறந்தால் 2.5 சதவீதம், இருவர் இறந்தால் 5 சதவீதம். ஒரேயொரு மரணத்தால் இரட்டிப்பாகும் அந்த எண், பராமரிப்பின் தரத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. ஆகவே நெதர்லாந்தில் கையாளப்பட்ட, ‘பாடநூல் விளைவு’ எனப் பெயரிடப்பட்ட கூட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டோம். பெருங்குடல் புற்றுநோய் பற்றி 2013இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் நோயாளர் உயிருடன் வீடு திரும்புதல், கட்டி முழுமையாக அகற்றப்படுதல், மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்படாமை, ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு) வைக்கப்படாமை, பாரதூரமான சிக்கல் நேராமை, 14 நாட்களுக்குக் குறைவாகவே வைத்தியசாலையில் தங்குதல் என்ற ஆறும் ஒருங்கே கைகூடினால்தான் ‘ஆம்’. ஒன்று தவறினாலும் ‘இல்லை’.

கடுமையான விதிதான். ஆறு விடயங்களும் ஒவ்வொன்றாக 90 சதவீதம் கைகூடி, அவை ஒன்றையொன்று சாராதவையாகவும் இருந்தால், ஆறும் சேர்ந்து கைகூடுவது ஏறத்தாழ 53 சதவீதத்தினருக்கு மட்டுமே. அவர்களுடைய ஆய்விலும் ஏறக்குறையப் பாதிப் பேரே அதை எட்டினார்கள். ஆனாலும் இந்த விதியில் எனக்கு நம்பிக்கை உண்டு. காயத்தில் கிருமி தொற்றாமலிருந்ததை ஒரு வெற்றியாகவும் வெட்டிய குடலை இணைத்த இடம் கசிந்ததை வேறொரு தோல்வியாகவும் நோயாளர் பிரித்து அனுபவிப்பதில்லை. அவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே சிகிச்சைதான்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவிலிருந்து வந்த ஐயாவுக்கு மலக்குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி இருந்தது. கட்டி முழுமையாக அகற்றப்பட்டது, இணைப்பு கசியவில்லை, மறுபடி சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போக நேரவில்லை. ஆனால் அது மாரி காலம். கடல் கொந்தளித்து, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து தீவுக்கு வள்ளம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். மனைவிக்குக் கண்பார்வை குறைவு. ஸ்டோமா பையைத் தன் கையாலேயே கழற்றி, தோலைத் துடைத்து, புதியதை ஒட்டப் பழகும்வரை அவரை அனுப்புவதில்லை என்று சிஸ்டர் நின்றார். நிபுணரும் மறுக்கவில்லை. ஸ்டோமாவை நாங்கள் குறையாக எண்ணவில்லை, ஆனால் 14 நாட்கள் கடந்தன. என்னுடைய படிவத்தில் அவர் ‘இல்லை’ ஆனார்.

தொகுப்பைப் பார்த்த சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. “இந்த ஐயாவைப் பதின்மூண்டாம் நாளே வள்ளத்தில ஏத்தி விட்டிருந்தால் ‘ஆம்’ எண்டு போட்டிருப்பியளோ, டொக்டர்?” என்று கேட்டார்.

“ஓம், சிஸ்டர்” என்றேன்.

வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். விதிப்படி அதுதான் விடை. ஐயா அரைகுறையாகப் பழகிப் போயிருந்தால், தோல் புண்ணாகி, உடலின் நீர் வற்றி, கடல் அடங்கும்வரை தீவிலேயே கிடந்திருக்கக்கூடும். அப்படி நேராமல் தடுத்ததற்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது. நடக்காத ஒன்றை எண்ண முடியாது என்பது கணக்கெடுப்பவருக்குப் பெரிய தடை அல்ல. ஆனால் தாதியரின் வேலையில் பெரும்பகுதி, நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

சிஸ்டரின் அடுத்த கேள்விதான் என்னை அதிகம் அசைத்தது. ஆறில் ஸ்டோமாவை நாங்கள் முன்பே நீக்கியிருந்தோம். கீழ்மலக்குடல் இணைப்பைக் காக்கத் தற்காலிக ஸ்டோமா வைப்பது பெரும்பாலும் யோசித்து எடுக்கும் முடிவு, அதைக் குறையாகக் கொள்வது பொருந்தாது என்று பேசி முடிவெடுத்தோம். “வைத்தியர்மார் யோசிச்சுச் செய்ததைக் குறையில்லை எண்டு கழிச்சியள். நாங்கள் யோசிச்சுச் செய்தது மட்டும் குறையோ?” என்றார் அவர்.

ஸ்டோமாவை நீக்கியது பெயர்களையும் பெறுபேறுகளையும் பார்க்குமுன். நாட்களைப் பற்றிய வாதம் எழுந்தது விடையைப் பார்த்தபின். இந்த வேறுபாட்டை நான் அவருக்கு விளக்கினேன். விடை தெரிந்தபின் ஒரு விதிவிலக்கை அனுமதித்தால் அடுத்தவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும். ஈற்றில் எல்லோரும் ‘ஆம்’ ஆகிவிடுவார்கள், நாங்கள் எதையும் கற்றிருக்க மாட்டோம். இதில் நான் இன்றும் உறுதியாகவே நிற்கிறேன். ஆயினும் எதை முன்கூட்டியே நீக்கலாம் என்று பேசிய அந்த மேசையில் தாதியர் ஒருவர்கூட இருக்கவில்லை என்பதையும் மறைக்க முடியாது. இருந்திருந்தால் கடல்கடந்த தீவுகளின் பேச்சு அன்றே எழுந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐயாவின் பி.எச்.ரி. எனும் விடுதிச் சிகிச்சைக் குறிப்பேட்டை மறுபடி புரட்டியபோது, இரண்டாம் வாரத்தில் சிறு காய்ச்சலும் காயத்தில் கசிவும் குறிக்கப்பட்டிருந்தன. வீட்டுக்குப் போகும் உடல்நிலையை அவர் எந்த நாளில் அடைந்தார் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே மேலதிக நாட்கள் முழுவதும் கடலுக்கும் பழக்கத்துக்கும் உரியவை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நகரத்தில் வசித்த ஓர் அம்மா, எல்லாம் கைகூடி, கெதியாக வீட்டுக்குப் போய் ‘ஆம்’ பெற்றவர், பின்னர் கிளினிக்குக்கு வந்தபோது ஸ்டோமாவைச் சுற்றிய தோல் சிவந்து உரிந்திருந்தது. சிஸ்டரின் பக்கத்துக்கு அது வலுச் சேர்க்கிறது. ஆனால் ஒருவரை வைத்து ஓர் அளவுகோலைத் தள்ளிவிடவும் முடியாது.

பொஸ்டன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னெஸ்ட் கொட்மன், 1911 முதல் 1916 வரை தன் சிறிய வைத்தியசாலையிலிருந்து வெளியேறிய 337 நோயாளர்களின் பெறுபேறுகளை அச்சிட்டு வெளியிட்டார். அவற்றில் 123 பிழைகளைத் தாமே பதிவுசெய்து, ஒவ்வொன்றும் எதனால் நேர்ந்தது என்றும் வகுத்திருந்தார். அந்த வழியைப் பின்பற்றி, ‘இல்லை’யை மாற்றாமல் பக்கத்தில் காரணத்துக்கென ஒரு நிரலைச் சேர்க்கலாம் என்றேன். “காரணத்தை ஆர் வாசிக்கப் போகினம்? மேல போறது சதவீதம்தானே” என்றார் சிஸ்டர். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மேலே போனது சதவீதம்தான்.

இப்போது தயாராகும் படிவத்தில், தங்கிய நாட்களோடு, வீடு செல்லத் தகுதி பெற்ற திகதியையும் கேட்டிருக்கிறோம். அதை எழுதுவது யார் என்பதில் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. வைத்தியர் எழுதினால் காயமும் காய்ச்சலும் அடங்கிய நாளை எழுதுவார். சிஸ்டர் எழுதினால் நோயாளர் தன் கையால் பையை மாற்றிய நாளை எழுதுவார். இரண்டு திகதிகளுக்கும் இடம் விடும்படி கேட்டிருக்கிறேன். எந்தத் திகதியிலிருந்து கணக்கிடுவது என்று கூட்டத்தில் கேட்டால், என்னிடம் இன்னும் பதில் இல்லை.