பெறப்பட்டது

இரவு பத்தே முக்காலுக்கு அப்பா என் அறைக் கதவைத் தட்டினால் ஒன்று அவருக்கு நெஞ்சு வலி, இல்லையென்றால் என் பையனின் ஸ்கூலில் இருந்து தகவல் வந்திருக்கிறது. 2020 ஜூலையில் இருந்து 2021 நவம்பர் வரை நெஞ்சு வலி ஒரு தடவைகூட வரவில்லை. மாயூரநாதர் காப்பாற்றினார். தகவல் மட்டும் வாரத்துக்கு நாலு ராத்திரி வந்தது.

முதல் தட்டு இன்னும் நினைவிருக்கிறது. பதறிப்போய்க் கதவைத் திறந்தால், மேல்சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, கையில் நீள நோட்டோடு நிற்கிறார். "நாளைக்கு ட்ராயிங் கிளாஸாம். வெண்டைக்காய் நாலு, வாட்டர் கலர், வெள்ளைப் பேப்பர். டீச்சரம்மா பத்து நாப்பதுக்குப் போட்டிருக்காங்க. இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குப்பா கையெழுத்து?"

"தகவலை உங்கிட்ட சேர்த்துட்டேன்ல, அதுக்கு."

அப்பா ஓய்வுபெற்ற போஸ்ட்மேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மாயவரத்துத் தெருக்களில் சைக்கிள் மிதித்தவர். மயிலாடுதுறை என்று எழுதுவார், மாயவரம் என்று சொல்வார். பையனை ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனதும் அவர்தான். விண்ணப்பத்தில் விலாசத்தை 609001 வரை அச்சுக் கோத்த மாதிரி எழுதிவிட்டு, தொடர்பு எண் என்ற இடத்தில் தன் நம்பரைப் போட்டுவிட்டு வந்தார். கேட்டதற்கு, "உன் போன் எப்பப் பாத்தாலும் ஸ்விட்ச் ஆப்" என்றார். நான் மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். கூட்டம் நெரிக்கும்போது போனைக் கவனிக்க முடியாது என்பது நிஜம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆண்டு விழாவுக்குக் கூப்பிட யாருடைய நம்பராக இருந்தால் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் 2020 மார்ச் வந்தது. முதலில் ஸ்கூலை மூடினார்கள், அடுத்து ஊரை மூடினார்கள். ஒன்றாவது முதல் ஒன்பதாவது வரை எல்லோரும் பாஸ் என்று டிவியில் சொன்னபோது பையன் கூடத்தில் ஒரு குட்டிக்கரணம் அடித்தான். அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவர் அந்தக் காலத்து ஈ.எஸ்.எல்.சி. எட்டாவதுக்கே பப்ளிக் பரீட்சை எழுதித் தேறியவர். "பரீட்சை எழுதாம பாஸ்னா, விலாசம் எழுதாத தபால் மாதிரிடா. எங்க போய்ச் சேரும்?" என்று கேட்டார். "ஏழாவதுக்குப் போய்ச் சேரும் தாத்தா" என்றான் பையன்.

ஜூலையில் ஏழாவது பி பிரிவுக்கு வாட்ஸாப் குழு தொடங்கினார்கள். எந்த நம்பரைச் சேர்ப்பார்கள்? ஸ்கூல் பதிவேட்டில் இருக்கிற நம்பரைத்தானே. இப்படியாக என் அப்பா எழுபத்தோரு வயதில் ஏழாம் வகுப்பில் சேர்ந்தார்.

நான் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோதும் மருந்துக்கடை மட்டும் திறந்திருந்தது. வீட்டுக்காரர் சென்னையில் மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் என் தம்பி வாங்கிக் கொடுத்திருந்த அப்பாவின் போன்தான் வகுப்பறை, கரும்பலகை, மணி, தலைமையாசிரியர் அறை எல்லாமே. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதை அவர் தபால்தலை மாதிரி எண்ணி எண்ணிச் செலவழித்தார். கணக்கு மிஸ் அனுப்பிய வீடியோ இறங்காமல் பாதியில் நிற்கும். "இன்னைக்கு ஸ்டாம்பு தீந்துபோச்சுடா, நாளைக்கு வா" என்று பேரனிடம் கவுண்டரை மூடிவிடுவார். போனில் இடம் இல்லை என்று வேறு அடிக்கடி வரும். உள்ளே பார்த்தால் ரோஜாப் பூவோடு காலை வணக்கம், பிள்ளையாரோடு காலை வணக்கம், காபித் தம்ளரோடு காலை வணக்கம். பையன் ஒரு நாள் அறிவியல் பாடத்துக்கு இடம் பண்ண அதில் பாதியை அழித்துவிட்டான். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த இரண்டு நாளும் வீட்டுப்பாடம் என் அம்மா வழியாகப் போய் வந்தது.

வகுப்பு ஜூமில் நடக்கும். நாற்பது நிமிஷம் ஆனதும் தானாகவே அறுந்துவிடும். அது இலவசக் கணக்கின் விதி என்று தெரியாமல், டீச்சரம்மாவுக்குக் கோபம் வந்து லைனை வைத்துவிட்டார் என்றே அப்பா முதல் வாரம் முழுக்க நினைத்தார். "நீ என்னடா பண்ணினே?" என்று பையனுக்குத் தினமும் ஒரு விசாரணை. விஷயம் புரிந்த பிறகு நேர் எதிராக மாறிவிட்டார். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு நாளைக்கு இரண்டே வகுப்பு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிஷம்தான் என்று மத்திய அரசு ஜூலை 14ஆம் தேதி வெளியிட்ட நெறிமுறையைப் பேப்பரில் படித்து, வெட்டி, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். மூன்றாவது வகுப்பு என்று எந்த மிஸ்ஸாவது ஆரம்பித்தால் பின்னால் இருந்து செருமுவார்.

செருமுவதோடு நின்றால் பரவாயில்லை. அரசு கேபிளில் 200ஆம் எண்ணில் கல்வித் தொலைக்காட்சி வரும். பையன் அதன் முன்னால் உட்கார்ந்து தூங்குவான், இவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். மறுநாள் ஜூமில் மிஸ் கேள்வி கேட்டால் பதில் எங்கள் வீட்டில் இருந்து முதலில் வரும், ஆனால் குரல் கட்டையாக இருக்கும். "பையன் சொல்லட்டும் ஐயா" என்பார் மிஸ். பையன் போனின் வாயைக் கையால் பொத்திக்கொள்வான்.

அந்த வெண்டைக்காய் விஷயத்தை முடித்துவிடுகிறேன். மறுநாள் காலை வண்டிக்காரரிடம் அப்பா தேடிப் பொறுக்கி நாலு முற்றல் வெண்டைக்காய் வாங்கினார். நாலு காய்க்கு எடை போட மாட்டேன் என்று அவர் சொல்ல, கால் கிலோவாக வாங்கி, முற்றல் நாலையும் சன்னலோரம் தனியாக வைத்தார். பதினோரு மணிக்கு வகுப்பு. பத்தரைக்கு அம்மா பொரியல் முடித்திருந்தாள். "முத்தலா இருந்துச்சு, வீணாகப் போகுதேன்னு அதை முதல்ல நறுக்கினேன்." வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வெண்டைக்காயின் வெட்டு முனையைச் சாயத்தில் தோய்த்துப் பூப்பூவாக அச்சு வைத்தார்கள். பிஞ்சுக் காய்கூட மிச்சமில்லாமல் போனதால் எங்கள் வீட்டில் மட்டும் பாகற்காய் அச்சு. மிஸ் அதைப் பார்த்து, "முதலை நல்லா வந்திருக்கு" என்றாராம்.

சரி, குழுவுக்கு வருகிறேன். தினமும் காலையில் கிளாஸ் மிஸ் அன்றைய கால அட்டவணையைப் போடுவார். அதற்கு அப்பா உடனே "பெறப்பட்டது" என்று பதில் போடுவார். அவர் காலத்தில் ரிஜிஸ்தர் தபாலுக்கு ஒப்புகை அட்டை திரும்பிப் போக வேண்டியிருந்தது அல்லவா, அந்தப் பழக்கம். இவர் போடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். "நன்றி மிஸ்", "ஓகே மிஸ்", "தேங்க்யூ மிஸ்", ஒரு கட்டைவிரல், இரண்டு கும்பிடு. நாற்பது பேர் நன்றி சொல்லி முடிக்கும்போது கால அட்டவணை எங்கேயோ மேலே போயிருக்கும். நாற்பத்தோராவது ஆள் வந்து "டைம் டேபிள் போடலையா மிஸ்?" என்பார். மிஸ் மறுபடி போடுவார். மறுபடி நாற்பது நன்றி. அந்த அம்மாவின் பொறுமைக்குத் தனியாக ஒரு கோயில் கட்டலாம்.

இந்த நன்றி வெள்ளத்தின் நடுவில்தான் ஆகஸ்டில் அது நடந்தது. கும்பகோணத்தில் பெரியப்பாவின் சம்பந்தி ஒருவர் காலமானார். தொண்ணூற்று நாலு வயசு, தூக்கத்திலேயே போய்விட்டார், நோய் நொடி எதுவும் இல்லை. செய்தியை உறவினர் குழுவில் போடச் சொன்னார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கண்ணாடி இல்லாமல் அப்பா போட்டார். "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது" என்று தொடங்கி, "நாளை காலை 10 மணிக்கு நல்லடக்கம். கொரோனா விதிகளின்படி இருபது பேருக்கு மேல் வர வேண்டாம்" என்று முடியும். போட்ட இடம் ஏழாவது பி.

அடுத்த நொடியே "நன்றி மிஸ்" என்று ஒருவர். "ஓகே மிஸ்." "நோட்டட் மிஸ்." ஒரு கட்டைவிரல். ஒரு அம்மா, "என் பையன் முதல் இருபது பேர்ல இருக்கானா மிஸ்?" இன்னொருவர், "பத்து மணிக்கு கணக்கு கிளாஸ் இல்லையா மிஸ்? லிங்க் அனுப்புங்க." எல்லாவற்றையும்விட, கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனின் அப்பா என்று நினைக்கிறேன், "இதை நோட்டில் எழுதணுமா மிஸ்?"

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அப்பா போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். உறவினர் குழுவில் ஏன் யாருமே துக்கம் விசாரிக்கவில்லை என்று மட்டும் படுக்கும்போது வருத்தப்பட்டாராம். காலையில் பையன் பார்த்துவிட்டுக் கத்தினான். எல்லோருக்கும் அழிக்கலாம் என்றால் அதற்கான நேரம் கடந்திருந்தது. அப்பா என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம்: "சர்வீஸ்ல ஒரு தபாலைக்கூட வீடு மாத்திப் போட்டதில்லை."

அன்று மதியமே குழுவின் அமைப்பை மாற்றிவிட்டார்கள். அட்மின் மட்டும்தான் இனிமேல் எழுத முடியும். மற்ற பெற்றோருக்கு நிம்மதி. அப்பாவுக்கோ கையை வெட்டிய மாதிரி ஆகிவிட்டது. தகவல் வருகிறது, பெற்றுக்கொண்டதைச் சொல்ல வழியில்லை. இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாளில் இருந்து மிஸ்ஸுக்கே போன் செய்ய ஆரம்பித்தார். கொரோனா விளம்பரத்தை முழுசாகக் கேட்டுப் பொறுமையாகக் காத்திருந்து, "வணக்கம் டீச்சரம்மா. இன்றைய தகவல் எட்டு பதினஞ்சுக்குப் பெறப்பட்டது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

மிஸ் என் கடை நம்பருக்கு அழைத்தபோது, குழுவில் இருந்து அப்பாவை நீக்கத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். மன்னிப்பு வாசகம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. வகுப்பில் நாலு பிள்ளைகளின் வீட்டில் இந்த மாதிரி போனே இல்லை. இருக்கிற ஒரு போனையும் பிள்ளையின் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். கூறைநாட்டில் இரண்டு பேர், திருவிழந்தூரில் இரண்டு பேர். கேள்வித்தாளை அச்சடித்துத் தருகிறேன், உங்கள் அப்பாவுக்குத்தான் தெருவெல்லாம் தெரியுமாமே, அவரே சொன்னார், கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா?

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வெளியே வராதீர்கள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த நேரம். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு முன்னாலேயே அவரிடம் கேட்டுவிட்டார் மிஸ். அம்மா அவருடைய பழைய காக்கிப் பையை வெயிலில் காயப் போட்டிருந்தாள்.

திங்களும் வியாழனும் பீட், அதாவது போஸ்ட்மேன் சுற்று. இரண்டு முகக்கவசம், சட்டைப் பையில் சானிடைசர். வாசல் படியில் கேள்வித்தாளை வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று மணி அடிப்பார். அவரவர் பேனாவால் நோட்டில் கையெழுத்து. பதில் எழுதிய தாளைத் திரும்பி வாங்கி, ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்து, அப்புறம்தான் மிஸ்ஸிடம் சேர்ப்பார். 2020 நவம்பர் 14 தீபாவளி. அதற்கு முந்தின வியாழன் கூறைநாட்டில் ஒரு பாட்டி கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு, பழைய ஞாபகத்தில் அம்பது ரூபாயைப் படியில் வைத்து, "தீபாவளி இனாம் தம்பி" என்றிருக்கிறார். ரிட்டையர் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, தம்பி என்று வேறு கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த நோட்டை அவர் செலவழிக்கவே இல்லை.

தீபாவளி முடிந்து பதினோரு நாள் கழித்து நிவர் புயல். 24ஆம் தேதி இரவு கதவு தட்டப்பட்டது. "புயல் காரணமாக நாளை விடுமுறை." பையன் போர்வைக்குள் இருந்து தலையை நீட்டி, "வீட்ல இருக்கிறதுல இருந்து லீவ் விட்டா எங்கம்மா போறது?" என்றான். அப்பாவின் கவலை வேறு. மறுநாள் புதன், பீட் இல்லை. வியாழக்கிழமை எப்படிப் போவது? எழுபத்தேழு நவம்பரில் நாகப்பட்டினம் புயல் அடித்தபோதே தபால் கொடுத்தேனாக்கும் என்று ஆரம்பித்தார். சைக்கிள் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை தனி மாவட்டமாக நடைமுறைக்கு வந்தபோது, நாலு வீட்டிலும் "இனிமே நாகப்பட்டினம் மாவட்டம்னு எழுதாதீங்க" என்று கேள்வித்தாளோடு சேர்த்து அறிவித்துவிட்டு வந்தார். எல்லாத் தகவலும் மிஸ்ஸிடம் இருந்துதான் வர வேண்டுமா என்ன.

பையன் மறுபடியும் பரீட்சை இல்லாமல் எட்டாவதுக்குப் போய்ச் சேர்ந்தான். இந்தத் தடவை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பாடம் அவருக்கு முழுசாகத் தெரியும், அந்தத் தைரியம்.

2021 நவம்பர் 1, திங்கட்கிழமை, ஒன்றாவது முதல் எட்டாவது வரை ஸ்கூல் திறப்பதாக அறிவித்தார்கள். அந்த வியாழனே தீபாவளி. யோசித்துத்தான் தேதி குறித்தார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். யூனிபார்ம் பேண்டைப் போட்டுப் பார்த்தால் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நின்றது. ஞாயிற்றுக்கிழமை இரவு மடித்துத் தைத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம்.

மேல்சட்டை, கண்ணாடி, நோட்டு. "நாளைக்குக் காலைல ஒன்பதுக்கு ஸ்கூல். பெற்றோர் சம்மதக் கடிதம் கொண்டுவரணுமாம். நானே எழுதிட்டேன், நீ கையெழுத்து மட்டும் போடு."

போட்டேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். "இங்கயும்."

அதிலும் போட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"நேரம் எழுதலை."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 10.48 என்று எழுதினேன். அப்பா தன் போனை எடுத்துப் பார்த்தார். "நாப்பத்தொம்பது" என்று திருத்திக்கொண்டு போனார்.