எழுத்துக்கூட்டலும் கதை நேரமும்

இங்கிலாந்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் இயர் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். எல்லோருக்கும் ஐந்து, ஆறு வயதுதான். 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், ஆங்கில வாசிப்பை இரண்டாகப் பிரிக்கிறது: சொல்லை வாசிப்பது ஒன்று, வாசித்ததைப் புரிந்துகொள்வது இன்னொன்று.

முதலாவதற்கு வழி ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலிகளைச் சேர்த்துச் சொல்லை வாசிக்கும் முறை. நம் ஆட்களுக்கு அதை விளக்குவது சுலபம். தமிழில் எழுத்துக்கூட்டிப் படிப்போமே, அதே வேலைதான். ஆனால் ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலிகளைச் சமாளிக்க வேண்டும். 'ஷிப்' என்ற சொல்லில் எழுத்து நான்கு, ஒலி மூன்று.

ஒரு தாய் கேட்டார்: "மிஸ், நாங்கள் வீட்டில பி-ஐ-என் எண்டுதான் சொல்லிக் குடுக்கிறம். அது பிழையோ?" பிழையில்லை. ஆனால் எழுத்துகளின் பெயரை எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைக்குச் சொல் கிடைக்காது. ப்-இ-ன் என்று ஒலிகளைச் சேர்த்தால் 'பின்' தானாக வாயில் வரும். எஸ்-ஏ-ஐ-டி என்று எழுதி 'செட்' என்று வாசிக்கிற மாதிரிச் சொற்களைத் தனியாகப் பழக்குகிறோம்.

அப்புறம் ஜூன் மாதத்து ஃபோனிக்ஸ் தேர்வு. 2012இல் தொடங்கியது. 40 சொற்களில் 20 அர்த்தமே இல்லாதவை. அவற்றின் பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம் இருக்கும். பிள்ளை ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். நன்றாக வாசிக்கும் ஒரு பையன், பொய்ச் சொல்லைத் தனக்குத் தெரிந்த நிஜச் சொல்லாக மாற்றி வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அர்த்தம் தேடியிருக்கிறான், பாவம். என்னால் மதிப்பெண் போட முடியவில்லை.

தேர்வே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யாருக்கு ஒலி பிடிபடவில்லை என்பதை அது காட்டிவிடுகிறது. ஆனால் பிள்ளைகள் தாமாக வாசிக்க முடியாத கதைகளையும் கவிதைகளையும் வாசித்துக் காட்டி அவற்றைப் பற்றிப் பேசவேண்டும் என்றும் அதே பாடத்திட்டம்தான் சொல்கிறது. தேர்வு நெருங்கும் மே மாதம் வந்துவிட்டால் முதலில் பறிபோவது அந்தக் கதை நேரம்தான்.

இந்த வருடம் நான் விடவில்லை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு 20 நிமிடம் கதை. போன வாரம், ஓநாய் கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்தினேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை, "அதுக்கு வெளியில குளிருதா?" என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகக் கேட்டாள். அன்றைக்கு ஃபோனிக்ஸ் அட்டைகளை நான் வெளியே எடுக்கவே இல்லை.