ரத்தத்தில் மிச்சமிருக்கும் கப்பல் பயணம்
கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசியின் மூன்றாவது டோஸுக்காகக் காத்திருந்தபோது படிக்க ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. இந்த வைரஸின் மரபணு மொத்தமே சுமார் 3,200 எழுத்துகள்தான், ஒரு நீளமான வாட்ஸப் பார்வர்டு அளவு, அதை வைத்தே கரீபியன் நாடான ஹெய்ட்டியின் பழைய கதையை ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். அங்கே கிடைக்கும் ஏ5 (A5) என்ற வைரஸ் கிளைவகைக்கு வேர் ஆப்பிரிக்காவில், நைஜீரியா பக்கம்; அடிமைக் கப்பல்களில் அடைத்து வந்தவர்களின் உடலோடு அட்லாண்டிக்கைக் கடந்து, தலைமுறை தலைமுறையாக இருநூறு வருஷத்துக்கும் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, இன்று மேற்கு ஆப்பிரிக்காவில் எங்கு பார்த்தாலும் இருக்கும், இதே வைரஸின் 'இ' (E) வகை ஹெய்ட்டியில் ஏன் இவ்வளவு அபூர்வம்? கப்பல்கள் கிளம்பிய காலத்தில் அது அங்கேயே அவ்வளவாகப் பரவியிருக்கவில்லை போல. அப்புறம் எப்படி மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த வேகத்தில் பரவியது? 20-ஆம் நூற்றாண்டின் மருத்துவ முகாம்களில் ஆள் மாற்றி ஆள் குத்திய, சரியாகக் கொதிக்க வைக்காத ஊசிகள் மேல் சிலருக்குச் சந்தேகம். எனக்கும்தான்.