பிஸ்டலுக்கு முக்கால் மணி நேரம், அதன் உறைக்கு இரண்டு மாதம்

பிஸ்டல் வாங்க முக்கால் மணி நேரம்தான் ஆனது. துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை தேறியது, பணம் கட்டி வந்துவிட்டேன். அதைப் பாக்கெட்டில் வைக்க ஒரு ஹோல்ஸ்டர், அதாவது உறை, தேடித்தான் இரண்டு மாதம் அலைந்தேன். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

ஹூஸ்டனுக்கு வெளியே நாங்கள் ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டிய சின்னக் கடையும் நடத்துகிறோம். வாரத்தில் நான்கு இரவு கடை அடைப்பது நான். வசூல் பணத்தை பேங்க்கில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். ஆனாலும் 40 டாலர் கட்டி லைசென்ஸ் எடுத்தேன். பேங்க்குக்குப் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் மத்தியச் சட்டத்தின் தடை உண்டு. மாநில லைசென்ஸ் இருந்தால் விலக்கு. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஹெச்-1பி விசாவில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: பொதுவாக உங்களுக்குத் துப்பாக்கி வாங்கவே அனுமதி கிடையாது. நண்பரைப் பார்த்து ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நான் வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாடிகார்ட் 2.0. தோட்டா அளவு (காலிபர்) .380, காலியாக 280 கிராமுக்குள்தான் இருக்கும். 2024-இல் வந்த மாடல். "2.0" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் பணம் வீணானதே அந்த எண்ணால்தான்.

ஹோல்ஸ்டர் வாங்க முதல் தடவை கடைக்குப் போனபோது கவுண்டரில் இருந்தவர் என் கணவரைப் பார்த்தே பேசினார். பிஸ்டல் என்னுடையது, லைசென்ஸ் என்னுடையது, கேள்வி கேட்டதும் நான். பதில் மட்டும் அவருக்குப் போனது. "சின்ன .380 எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்" என்று ஒரு நைலான் உறையை எடுத்து நீட்டினார். வெளிப்புறம் ரப்பர் மாதிரி பிசுபிசுப்பாக இருந்தது, பாக்கெட் துணியைப் பிடித்துக்கொள்ள அது நல்லதுதான்.

வீட்டுக்கு வந்து, தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றினேன். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்து, சுடும் தோட்டா உட்காருகிற சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்தேன். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பிஸ்டலை உறைக்குள் விட்டு, ட்ரிகர் இருக்கிற இடத்தை வெளியே இருந்து கட்டைவிரலால் அழுத்தினேன். 'டிக்' என்று சத்தம் கேட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தோட்டா இருந்திருந்தால் என் தொடையில்தான் பாய்ந்திருக்கும். பழைய பாடிகார்டின் ட்ரிகரை நீளமாக, பலம் கொடுத்து இழுக்க வேண்டும். 2.0 அப்படியில்லை, சுத்தியல் இல்லாமல் உள்ளே இருக்கிற ஊசியே தோட்டாவை அடிக்கும் ஸ்ட்ரைக்கர் முறையில் வேலை செய்கிறது, இழுப்பும் குறைவு. அதற்கு ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை (ட்ரிகர் கார்ட்) முழுசாக மூடி, வெளியிலிருந்து அழுத்தினாலும் வளையாத உறைதான் வேண்டும். நீங்கள் எந்த உறை வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், காலித் துப்பாக்கியில் மட்டும். ட்ரிகர் நூலளவு அசைந்தாலும் அந்த உறை குப்பைக்குத்தான்.

இரண்டாம் தடவை கைடெக்ஸ் வேண்டும் என்று கேட்டேன். அது சூடாக்கி அச்சில் வார்த்த கெட்டி பிளாஸ்டிக். ஹூஸ்டன் வியர்வையை உறிஞ்சாது. "பாடிகார்ட் 2.0" என்று இரண்டு முறை சொன்னேன். "ஆமாம், பாடிகார்டுக்குத்தான்" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். 38 டாலர். வீட்டில் பிரித்துப் பார்த்தால் பிஸ்டல் பாதி வரைதான் உள்ளே போனது, ட்ரிகர் கார்டுக்குப் பக்கத்தில் விரல் நுழைகிற இடைவெளி. பழைய மாடலின் அச்சு அது. மறுநாள் எடுத்துக்கொண்டு போனால், பிரித்த ஹோல்ஸ்டரைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார். போகவர 50 மைல்.

என் லைசென்ஸ் வகுப்பை நடத்திய பெண்மணிக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உறையைத் தேடுகிறாய் சரி, உன் பேன்ட் பாக்கெட்டை அளந்தாயா?" என்றார்.

அளக்கவில்லை. சரியான மாடலுக்கான கைடெக்ஸ் உறை, கொக்கி வைத்தது, தபாலில் வந்தபோதுதான் அந்தக் கேள்வி புரிந்தது. உறையின் ஓரத்தில் இருக்கிற கொக்கி, பிஸ்டலை உருவும்போது பாக்கெட் விளிம்பில் மாட்டிக்கொண்டு உறையை உள்ளேயே நிறுத்த வேண்டும். பெண்களுக்குத் தைக்கிற பேன்ட்டில் பாக்கெட் என்று பெயருக்கு இருப்பது நான்கு விரல் ஆழம். காலித் துப்பாக்கியோடு இருபது முறை எடுத்துப் பார்த்ததில் ஏழு முறை உறையும் சேர்ந்தே கையில் வந்துவிட்டது. ஆபத்து நேரத்தில் உறை போட்ட துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பக்கம் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற ஒரு டெய்லரிடம் போனேன். பிஸ்டலை எடுத்துப் போகவில்லை, வெறும் உறையும் கெட்டி அட்டையில் வெட்டிய அளவும்தான். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாக்கெட்டைப் பிரித்து, கெட்டியான டிரில் துணியில் ஆழமாகத் தைத்து, வாயை என் முஷ்டி தாராளமாக நுழைகிற அளவுக்கு அகலமாக்கி, விளிம்பில் இரட்டைத் தையல் போட்டார். கொக்கி மாட்டுவதற்கு அந்த விளிம்பு கனமாக இருக்க வேண்டும். நான் கடையில் குர்த்திதான் போடுவேன். அது பாக்கெட்டை மூடிவிடுவதால் பிஸ்டலின் வடிவம் வெளியே தெரிவதில்லை. ஆனால் கை உள்ளே போக, குர்த்தியின் பக்கவாட்டுத் திறப்பு பாக்கெட்டுக்கு நேராக வர வேண்டும். அதையும் இரண்டு அங்குலம் உயர்த்தித் தைத்தார். மூன்று பேன்ட், மூன்று குர்த்தி. அடுத்த இருபது முறையில் உறை ஒரு தடவைகூடக் கூட வரவில்லை. நான் சமையலறையில் நின்று சத்தமாகச் சிரித்ததைக் கேட்டு என் கணவர் ஓடி வந்தார்.

பழகுவதில் நான் பட்டுக் கற்றவை சில. பாக்கெட்டுக்குள் பிடிக்கும்போது கட்டைவிரலை ஸ்லைடின் பின்பக்கம் வையுங்கள், முஷ்டி சிறுத்து எளிதாக வெளியே வரும். விரல் ட்ரிகருக்குப் போகவே கூடாது. எடுத்த பிஸ்டலைப் பாக்கெட்டில் இருக்கிற உறைக்குள் திரும்பச் செருகாதீர்கள். உறையை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்துச் செருகி, இரண்டையும் சேர்த்து உள்ளே வையுங்கள். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, லிப் பாம் எதுவும் இருக்கக் கூடாது. உட்கார்ந்த நிலையில், முக்கியமாக சீட் பெல்ட் போட்டு, பாக்கெட்டிலிருந்து எடுப்பது எனக்கு இன்றுவரை முடியவில்லை. அதனால் பேங்க் வாசலில் சுற்றிப் பார்த்து, ஆள் நடமாட்டம் சரியில்லை என்று பட்டால் காரை விட்டு இறங்காமலே கிளம்பிவிடுகிறேன். கதவில் 30.06 அறிவிப்பு (லைசென்ஸ் உள்ளவர்களும் துப்பாக்கியை மறைத்து எடுத்து வரக் கூடாது என்ற பலகை) இருக்கிறதா என்பதையும் பார்க்கிறேன். இருந்தால் மறைத்து வைத்துக்கொண்டு உள்ளே போக லைசென்ஸ் உதவாது.

போன வாரம் அந்தக் கடைக்குத் தனியாகப் போனேன். 38 டாலர் உறையின் அட்டையையும் ரசீதையும் மேனேஜர் முன்னால் வைத்தேன். அட்டையில் 2.0 என்ற சொல்லே இல்லை, ரசீதில் அவர்கள் ஊழியரே 2.0 என்று எழுதியிருந்தார். மேனேஜர் இரண்டையும் பார்த்துவிட்டு முழுத் தொகைக்கும் ஸ்டோர் கிரெடிட் கொடுத்தார். அதில் பயிற்சிக்கு ஒரு பெட்டி தோட்டா வாங்கிக்கொண்டு வந்தேன். எந்த ஹோல்ஸ்டர் வாங்கினாலும் ரசீதில் மாடல் பெயரை முழுசாக எழுதி வாங்குங்கள்.