நான் சொன்னது நம்பருக்காக

"இவங்களுக்கு ரெண்டாவது விரல் நீளம்மா. அதனால அஞ்சாம் நம்பர்தான் சரியா வரும்."

நான் சொன்னது இவ்வளவுதான். இன்றைக்கு அதே கால் என் முன்னால் வந்தாலும் அதே அளவைத்தான் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் அந்த வாக்கியத்தை யார் காதில் விழும்படி சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

கூட வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. பெண் அவரை "அத்தை" என்று கூப்பிடும் முன்பே எனக்குத் தெரியும். கையில் திருபுவனம் பட்டுப்புடவைப் பை இருந்தால் கும்பகோணத்துச் செருப்புக் கடைக்காரர்களுக்கு மீதி புரிந்துவிடும். புடவை, வெள்ளி, பாத்திரம் எல்லாம் முடிந்து, காசும் பொறுமையும் தீரும் நேரத்தில்தான் எங்களிடம் வருவார்கள். அளவு பார்க்க அது நல்ல நேரம்தான். நாளெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் வாங்கிய ஜோடிதான் சாயங்காலம் கடிக்கும்.

பெண் கேட்டது ரிசப்ஷனுக்குத் தங்க நிறத்தில் பாயின்ட்டட், அதாவது முன்பக்கம் கூராக முடியும் ஷூ. அத்தைக்குப் பிடித்தது ரவுண்டு பெல்லி, முன்பக்கம் உருண்டையாக இருக்கும் தட்டை ஷூ. "முன்னாடி அகலமா இருந்தாத்தான் காலுக்கு நல்லது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். நெருக்கமான முன்பக்கத்தை வருஷக்கணக்கில் போட்டால் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கமாகச் சாயும், அதன் அடி எலும்பு வெளியே புடைக்கும். இங்கே வரப்பிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த பெண்களுக்கு விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். பாயின்ட்டட்டுக்குள் அந்தக் கால் போவதே பாடு. சென்னையில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்து, இந்தியர்களுக்கென்று 'பா' என்று ஒரு தனி அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. நம் கால் வெள்ளைக்காரர்களின் காலைவிட அகலம் என்பது அதில் தெரியவந்த விஷயங்களில் ஒன்று. நாங்கள் கீழே உட்கார்ந்து தினமும் பார்ப்பதுதான்.

ஆனால் இந்தப் பெண்ணின் கால் அகலமில்லை. ஒல்லியான கால், பெருவிரலைத் தாண்டி நீண்ட இரண்டாவது விரல். இப்படிப்பட்ட காலுக்குக் குட்டையான ஸ்கொயரோ ரவுண்டோ கொடுத்தால் அந்த விரல் முன்னால் போய் இடிக்கும், இல்லையென்றால் மடங்கிக்கொள்ளும். பாயின்ட்டட்டில் கூர் நடுவில் வருவதால் இரண்டாவது விரலுக்குத்தான் இடம் அதிகம். கூரின் நுனி எப்படியும் காலியாகத்தான் இருக்க வேண்டும், விரல் அதுவரை போகக் கூடாது. பெண் வழக்கமாகப் போடுவது நாலு. ஒரு நம்பர் ஏற்றினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது. ஒல்லிக் காலுக்கு அது வசதி. குதிகால் லூஸாகும், அதற்குப் பேடு ஒட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் சுருக்கித்தான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஆதரவாகத்தான் சொன்னேன்.

அந்த அம்மா குனிந்தார். "எங்க, காட்டு."

பெண் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

இரண்டாவது விரல் நீண்டிருந்தால் புருஷனை அடக்கி ஆள்வாள் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? பெண் பார்க்க வருகிறவர்களில் காலைக் கவனிக்கிற பாட்டி ஒருத்தியாவது இருப்பார். என் பெரியம்மா அதைச் சொல்லியே மருமகளைக் குத்திக்காட்டுவார். அப்படியிருந்தும் அந்த நிமிஷம் எனக்கு அது ஞாபகமே வரவில்லை. காலைக் கையில் பிடித்திருக்கும்போது எனக்கு அது வெறும் அளவு. டாக்டர் நோயாளியின் வயதைச் சத்தமாகச் சொல்வதில்லையா? சரி, டாக்டர் அதை மாமியார் முன்னால் சொல்லமாட்டார் என்று யாராவது சொல்லலாம்.

அப்புறம் அவர் என்னைத்தான் கேட்டார். "அந்த விரல்லதானே மெட்டி போடணும்? இதுக்குள்ள எப்படிம்மா போகும்?"

"தட்டை மெட்டின்னா போகும்மா. முத்து வச்சது, அடுக்கு மெட்டியெல்லாம் உரசும்."

"ஆஃபீஸ் போறப்ப கழட்டிக்கறேன் அக்கா" என்றாள் பெண். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அத்தை பதில் பேசவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ரவுண்டு பெல்லியை எடுத்து, "இதுலயும் அஞ்சு கொடு, ரெண்டையும் பில் போடு" என்றார். பணமும் அவரே கொடுத்தார்.

அந்த இரண்டாவது ஜோடிக்கு என்ன அர்த்தம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. "உன் இஷ்டத்துக்கு ஒன்று, என் இஷ்டத்துக்கு ஒன்று" என்ற பெருந்தன்மையா? கல்யாணத்துக்குப் பிறகு இதைத்தான் போட வேண்டும் என்ற உத்தரவா? இல்லை, வந்த இடத்தில் இன்னொரு ஜோடி வாங்குவது சாதாரண விஷயமா? யோசித்துப் பார்த்தால், அவர் நீள விரலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கேட்டது மெட்டியைப் பற்றி. அதுவும் நியாயமான கேள்வி, மெட்டி போட்ட பெண்கள் தினமும் என்னிடம் கேட்பது. விரலை மடக்கியதுகூடக் கூச்சமாக இருக்கலாம், முன்பின் தெரியாதவள் காலைப் பிடித்தால் பலரும் அப்படித்தான் செய்வார்கள். அடக்கி ஆளும் கதையெல்லாம் என் மண்டைக்குள் மட்டும் ஓடியிருக்கலாம். ஆனாலும் அவள் "அக்கா" என்று என்னைப் பார்த்துச் சொன்ன குரல் கூச்சத்தில் வந்தது இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாயின்ட்டட் விலை கூட. முகூர்த்த சீசன் போனால் அலமாரியிலேயே தங்கிவிடும், ஆடித் தள்ளுபடியில்தான் தள்ள வேண்டும். அதை விற்கும் அவசரம் என் பேச்சில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. அதற்காக அளவு பொய்யாகிவிடாது.

முதலாளியிடம் சொன்னேன். "நம்பரைச் சொல்லு, விரலைச் சொல்லாத" என்றார். அவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர், சொல்வது சுலபம். (நின்று வேலை பார்க்கிற கடை ஊழியர்களுக்கு நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது நாங்கள் சிரித்தோம். செருப்புக் கடையில் நாங்கள் பாதி நேரம் உட்கார்ந்துதான் இருக்கிறோம், தரையோடு தரையாக.) பாயின்ட்டட் விஷயத்தில் விரலைச் சொல்லாமல் நம்பரை எப்படிச் சொல்வது? "நாலுதானே எப்பவும் போடுவேன், ஏன் அஞ்சு?" என்று கேட்காத பெண்ணை நான் பார்த்ததில்லை. காரணம் சொல்லாமல் பெரிய நம்பரைக் கொடுத்தால், ஸ்டாக் இல்லாததை மறைக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

கூட வேலை பார்க்கும் பெண் வேறு மாதிரி சொன்னாள். மாமியார் கூட வந்தால் விரல் நுனி வெளியே தெரியும் பீப் டோ காட்டு, மெட்டியும் தெரியும், சண்டையும் வராது என்று. விற்பனைக்கு நல்ல யோசனைதான். அந்தப் பெண் பீப் டோ கேட்கவே இல்லை என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போதெல்லாம் பெண்ணுடன் யாராவது வந்தால் நான் விரல் பேச்சை எடுப்பதில்லை. ஷூவின் முன்பக்கத்தைத் தொட்டு, "இங்க இடம் போதுமா?" என்று மட்டும் கேட்கிறேன். எல்லோரும் போதும் என்றுதான் சொல்கிறார்கள். சிலர் அடுத்த வாரமே கடிக்கிறது என்று அதே ஜோடியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நம்பர் மாற்றிக் கொடுக்க முடியாது, அடி தேய்ந்திருக்கும். அப்போது, "முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று அவர்கள் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது.