வெங்காயத்துக்காக எல் ரீனோ வரை

அமெரிக்காவில் நல்ல ஹாம்பர்கர் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், பெருநகரங்களை முதலில் விட்டுவிடச் சொல்வேன். அங்கே நல்ல கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே பர்கர் மிக உயரமாக வளர்ந்துவிட்டது. நடுவில் ஒரு மூங்கில் குச்சியைக் குத்தி, மேலே பொரித்த முட்டை ஒன்றை உட்கார வைத்து, கூடவே கத்தியும் முள்கரண்டியும் கொண்டுவந்து தருகிறார்கள். கையில் எடுத்துக் கடிக்க முடியாத பண்டத்துக்கு முப்பது டாலர் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. எனக்குப் பிடித்த பர்கர்கள் பெரும்பாலும் சின்ன ஊர்களில், ஒரே பண்டத்தைப் பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டு, வேறு மாதிரி செய்ய மாட்டோம் என்று அடம்பிடிக்கும் கடைகளில் கிடைத்தவை. அந்த ஊருக்கு அப்போது என்ன கிடைத்ததோ, எது கிடைக்கவில்லையோ, அதுதான் அந்தப் பர்கரின் ருசியாக நின்றுவிட்டிருக்கிறது.

அடம் என்றால் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன்தான். யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். கிரவுன் தெருவில் வாகன நிறுத்தத்தை ஒட்டி நிற்கும் ஒரு குட்டிச் செங்கல் கட்டடம், ‘லூயிஸ் லஞ்ச்’. டென்மார்க்கிலிருந்து குடியேறிய லூயிஸ் லாசன் 1895-இல் ஒரு சாப்பாட்டு வண்டியில் தொடங்கிய வியாபாரம் இது. 1900-இல் அவசரமாக வந்த ஒருவர், நடந்துகொண்டே தின்ன ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாராம்; சுட்ட கைமாவை இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தாராம். அதுவே உலகின் முதல் ஹாம்பர்கர் என்பது குடும்பத்தின் வாதம். விஸ்கான்சினில் சீமோர் என்ற ஊர், எங்களுடையது 1885 என்கிறது. டெக்சாஸில் ஏதென்ஸ் என்ற ஊரும் உரிமை கோருகிறது. பங்காளிச் சண்டையில் நான் தலையிடுவதில்லை.

உள்ளே போனால் கண்ணில் படுவது அடுப்புதான். 1898-ஆம் ஆண்டைச் சேர்ந்த வார்ப்பிரும்பு எரிவாயு அடுப்புகள், நிமிர்ந்து நிற்கும் அலமாரிகளாக. கறியைக் கம்பிச் சட்டத்துக்குள் வைத்து மூடி, செங்குத்தாக உள்ளே தள்ளுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தீ படுகிறது; கொழுப்பு கீழே வடிந்துவிடுகிறது. பன் கிடையாது, வாட்டிய வெள்ளை ரொட்டி. சீஸ், தக்காளி, வெங்காயம், அவ்வளவுதான். கெட்சப் கேட்டால் இல்லை என்கிறார்கள், கடுகுச் சாறும் இல்லை. பக்கத்து மேசையில் ஒரு கல்லூரிப் பையன் பையிலிருந்து கெட்சப் பொட்டலம் ஒன்றை எடுத்துவிட்டு, சுற்றிலும் பார்த்து, மறுபடி பைக்குள் வைத்ததைக் கண்டேன். வைத்தது நல்லதுதான். இனிப்பான பன்னும் சாஸும் இல்லாதபோது கறியின் ருசி முழுவதுமாகத் தெரிகிறது. 1975-இல் பழைய இடத்தில் இடிக்க நாள் குறித்தபோது, கடையையே பெயர்த்துக் கிரவுன் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். சுவரில் இருக்கும் செங்கற்களில் பல, அன்பர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து அனுப்பியவை.

அங்கிருந்து வடக்கே மெரிடன் என்ற ஊரில் பர்கரை ஆவியில் வேகவைக்கிறார்கள். சிறு தட்டுகளில் கைமா ஒரு பக்கம், சீஸ் ஒரு பக்கம், இரண்டும் ஒரு உலோகப் பெட்டிக்குள் ஆவியில். உள்ளூர்க்காரர்கள் உயிரை விடுகிறார்கள். கருகிய ஓரம் இல்லாத பர்கர் எனக்கு ஒத்துவரவில்லை. சீஸ் மட்டும் அருமை.

நான் சொல்ல வந்த ஊர் எல் ரீனோ. ஓக்லஹோமா நகரத்துக்கு மேற்கே, பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருக்கிறது. என் தங்கை குடும்பம் டாலஸில். அவள் வீட்டிலிருந்து கிளம்பி, வடக்கு நோக்கி நேராகக் கோடு போட்ட சாலையில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். இரு பக்கமும் புல்வெளியும் காற்றாலைகளும். “வெங்காயத்துக்காக இவ்வளவு தூரமா மச்சான்?” என்று மாப்பிள்ளை பாதி வழியில் கேட்டார். வண்டியை ஓட்டியவர் அவர் என்பதால் நான் பதில் பேசவில்லை.

எல் ரீனோவில் ராக் ஐலண்ட் ரயில்வேயின் பணிமனைகள் இருந்தன. 1922-இல் அமெரிக்கா முழுவதும் சுமார் 4,00,000 ரயில்வே பணிமனைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம் நின்ற ஊரில் யார் கடைக்கு வருவார்கள்? கறி விலை அதிகம், வெங்காயம் மலிவு. ‘ஹாம்பர்கர் இன்’ என்ற கடையை நடத்திய ராஸ் டேவிஸ், கொஞ்சம் கைமாவில் அதே அளவு வெங்காயத்தை வைத்து அழுத்திப் பர்கரைப் பெரிதாக்கி, ஐந்து சென்ட்டுக்கு விற்றார் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். பின்னால் பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது அந்த முறை மாநிலம் முழுவதும் பரவிவிட்டது. கைக்குப் பணம் வந்த பிறகும் யாரும் வெங்காயத்தைக் குறைக்கவில்லை.

செய்முறையைக் கவுண்டரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதே பாதிச் சாப்பாடு. காய்ந்த இரும்புக் கல்லில் ஒரு உருண்டை கைமாவை வைக்கிறார்கள். அதன் மேல், காகிதம் போல் சீவிய வெங்காயத்தை ஒரு கைப்பிடி குவிக்கிறார்கள். பிறகு கனமான தட்டைக் கரண்டியால் ஓங்கி அழுத்தித் தேய்க்கிறார்கள். வெங்காயம் கறிக்குள் இறங்கிவிடுகிறது. நம் வீட்டில் வெங்காய ஊத்தப்பத்தைத் திருப்பிப் போடும் அதே நொடிதான் இங்கேயும் முக்கியம்: முன்னால் திருப்பினால் வெங்காயம் பச்சையாக நிற்கும், பின்னால் திருப்பினால் கசக்கும். திருப்பியதும் வெங்காயம் அடியில் போய்க் கறியின் கொழுப்பிலேயே பொரிகிறது. மேலே சீஸ், அதன் மேல் பன்னின் இரு பாதிகள். கீழிருந்து எழும் வெங்காய ஆவியில் பன் மெதுவாகிவிடுகிறது. சிதறி ஓரத்தில் கருகிக்கிடக்கும் வெங்காயத்தைச் சுரண்டி எடுத்து உள்ளே வைப்பவர் நல்ல சமையல்காரர்.

ஊரில் பெயர்பெற்ற கடைகள் மூன்று, ஒன்றுக்கொன்று நடந்துபோகிற தூரம். ‘ராபர்ட்ஸ் கிரில்’ 1926 முதல் இருக்கிறது. கவுண்டரும் சில சுழல் முக்காலிகளும் தவிர உள்ளே வேறு இடமே இல்லை. ‘ஜானீஸ் கிரில்’ அதற்குப் பிந்தையது, கொஞ்சம் விசாலம். ‘சிட்ஸ் டைனர்’ மூன்றில் இளையது. அதன் கவுண்டர் பலகைக்குள் ஊரின் பழைய புகைப்படங்களைப் பதித்து மேலே கண்ணாடி போல் பூசியிருக்கிறார்கள். பர்கர் வரும் வரை ரயில் நிலையத்தையும் ஊர்வலங்களையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெங்காயத்தின் மொறுமொறுப்பில் என் ஓட்டு சிட்ஸுக்கு. உட்கார்ந்திருக்க ராபர்ட்ஸ். மாப்பிள்ளை, பர்கர் போதும் என்று சொல்லிவிட்டு ஜானீஸில் முட்டைக்கோஸ் துருவல் போட்ட ஹாட் டாக் ஒன்றைத் தனியாக வாங்கினார். அதுவும் இந்த ஊர்ச் சிறப்புதான். திரும்பும் வழியில் வெங்காயத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு ஆறு என்று காகிதப் பையில் கட்டிக்கொண்டு போய்த் தங்கை கையில் கொடுத்தார். மூன்றரை மணி நேரத்தில் பன் ஊறிப்போய்விட்டது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதைக் கல்லிலிருந்து எடுத்த இடத்திலேயே தின்ன வேண்டும்.

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை அங்கே வெங்காய பர்கர் திருவிழா. 850 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒரே பர்கரைத் தெருவில் வைத்துச் செய்து ஊருக்கே பங்கு போடுகிறார்கள். நான் போனது திருவிழாக் காலம் அல்ல. அவ்வளவு பெரிய பர்கரின் நடுப்பகுதிக்குக் கருகிய ஓரம் எங்கிருந்து வரும் என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

டென்னஸியின் மெம்பிஸில், பீல் தெருவில் ‘டையர்ஸ்’ என்றொரு கடை. 1912 முதல் பர்கரை எண்ணெயில் பொரிக்கிறார்கள். அந்த எண்ணெயை ஒருநாளும் முழுவதுமாகக் கொட்டியதில்லை, வடிகட்டி, குறைகிற அளவை மட்டும் ஊற்றி நிரப்பி வருகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் தொடவிடாத என் அம்மாவிடம் இந்தக் கடையைப் பற்றி இன்னும் நான் வாய் திறக்கவில்லை. பர்கர் நன்றாகவே இருந்தது.

அடுத்தது நியூ மெக்சிகோ. அல்புகெர்க்கியிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டித் தெற்கே ஒன்றரை மணி நேரம் போனால் சான் அந்தோனியோ. டெக்சாஸில் இருக்கும் பெருநகரம் வேறு. வழிகாட்டிச் செயலியில் மாநிலத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். இது சில நூறு பேர் வாழும் சிற்றூர். ஹில்டன் ஹோட்டல்களைத் தொடங்கிய கான்ராட் ஹில்டன் 1887-இல் பிறந்தது இங்கேதான் என்றால் நம்ப முடியாது. முச்சந்தியில் ‘ஆவுல் பார்’ இருக்கிறது. 1945-இல், அருகிலிருந்த பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த விஞ்ஞானிகள் இந்தப் பக்கம் தங்கியிருந்தார்கள் என்றும், கனிமம் தேடுகிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள் என்றும், அவர்களுக்காகத்தான் இங்கே பர்கர் செய்யத் தொடங்கினோம் என்றும் கடைக் குடும்பம் சொல்லிவருகிறது. சோதனை நடந்தது ஜூலை 16 விடியற்காலை. அந்த இடத்தைப் பொதுமக்கள் பார்க்க ஆண்டில் மிகச் சில நாட்களுக்கு மேல் அனுமதி இல்லை. கடை அப்படியல்ல.

இங்கே பர்கரின் ருசி பச்சை மிளகாயில் இருக்கிறது. நம் ஊர்ப் பச்சை மிளகாயை நினைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். இது ஒரு சாண் நீளம், சதைப்பிடிப்பு, காரம் நிதானம். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஹாட்ச் என்ற ஊரைச் சுற்றி விளைகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் சந்தை வாசல்களில் கம்பி வலை உருளைகளுக்குள் மிளகாயைக் கொட்டி, எரிவாயுத் தீயில் சுழற்றிச் சுடுகிறார்கள். வண்டியின் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தாலும் அந்த வாசனை உள்ளே வந்துவிடும். சுட்ட மிளகாயின் தோலை உரித்து, நறுக்கி, கறிக்கு மேல் வைத்து, சீஸை உருகவிடுகிறார்கள். முதல் கடியில் புகை, பிறகு மெல்லிய இனிப்பு, காரம் தொண்டைக்குப் பின்னால் நிதானமாக வந்து சேர்கிறது. இந்தப் பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்த பர்கர் இதுதானா, எல் ரீனோவா என்று கேட்டால், மிளகாய் என் நாக்குக்குச் சொந்தம் என்பதால் நான் நடுநிலையான நீதிபதி அல்ல. ஆவுல் பார் சுவர்களில் வந்தவர்கள் தங்கள் பெயரெழுதி ஒட்டிய ஒரு டாலர் நோட்டுகள் கூரை வரை. அவ்வப்போது எடுத்து எண்ணி அறப்பணிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் ஒன்றைத் தமிழில் எழுதி ஒட்டினேன். குளிர்காலத்தில் போனால் சற்றுத் தெற்கே போஸ்கே டெல் அப்பாச்சி சரணாலயத்தில் ஆயிரக்கணக்கான கொக்குகள் இறங்கும். காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியத்துக்குக் கடைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

மினியாபொலிஸில் சீஸைக் கறிக்கு உள்ளே வைத்து மூடிச் சுடுகிறார்கள். ‘மேட்ஸ் பார்’ 1954 முதல் செய்கிறது. 2014-இல் ஒபாமாவும் வந்து சாப்பிட்டுப் போனார். அதே சாலையில் இன்னொரு கடையும் நாங்கள்தான் முதல் என்கிறது. ஆறுவதற்குள் கடித்தால் உருகிய சீஸ் மேலண்ணத்தைப் பதம் பார்த்துவிடும். அது தந்திரம், ருசி அல்ல என்பது என் எண்ணம்.

பெரிய சங்கிலிக் கடைகளில் நான் மதிப்பது ஒன்றே ஒன்று, கலிஃபோர்னியாவின் ‘இன் அண்ட் அவுட்’. ஹாரி, எஸ்தர் ஸ்னைடர் தம்பதி 1948-இல் பால்ட்வின் பார்க்கில் தொடங்கியது. உருளைக்கிழங்கைக் கண்ணெதிரே வெட்டிப் பொரிக்கிறார்கள். பட்டியலில் எழுதாத வகைகளைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்: ‘அனிமல் ஸ்டைல்’ என்றால் கடுகுச் சாறு தடவிச் சுட்ட கறியும் வதக்கிய வெங்காயமும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களோடு போகிறவர்கள் ‘கிரில்டு சீஸ்’ என்று கேளுங்கள். கறி இல்லாமல் சீஸ், தக்காளி, இலைக்கீரை வைத்துத் தருவார்கள். என் தங்கை அதைத்தான் வாங்குவாள். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தை ஒட்டி, செபுல்வேடா சாலையில் இருக்கும் கிளைக்குப் போங்கள். இறங்கும் விமானங்கள் தலைக்கு மேல் கடந்துபோகும், எதிரே உட்காரப் புல்வெளி இருக்கிறது. மாலையில் வரிசை தெருவுக்கு வந்துவிடும் என்பதால், சென்னை திரும்பும் விமானத்துக்கு முன் சாப்பிட நினைப்பவர்கள் ஒரு மணி நேரத்தைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.