இடது கைக் கையெழுத்து

நவம்பர் 3

மழை. கரண்ட் இல்லை. டிரைவர் அண்ணன் வழக்கில் அவர் ஆபீஸ் தரப்பு கவுண்டர், அதாவது நம் மனுவுக்கான பதில் மனு, இன்னும் வரவில்லை.

நவம்பர் 5

பண்ணைக்காட்டிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். என் ஆபீசுக்கு 9 படி. ஒவ்வொன்றிலும் வலது காலை இழுத்து வைத்து ஏறினார் அண்ணன். மேலே நின்று பார்க்கவே முடியவில்லை. ஊனமுற்றவர்களுக்கு வேலையிடத்தில் வசதி செய்து தரச் சொல்லி மனு எழுதுகிறவளின் ஆபீஸ் இது.

அவர்கள் போனபின், அண்ணன் ஓய்வு கேட்டதாக இருக்கும் அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று தொடங்கும் நான்கு வரி, கம்ப்யூட்டரில் அடித்தது. கீழே இடது பக்கமாகச் சரிந்து விழும் கையெழுத்து. 22 வருஷம் ஆபீஸ் ஜீப் ஓட்டியவர். லாக் புக்கில் அவர் பெயர் கம்பி மாதிரி நிற்கிறது. இது, பக்கவாதம் வந்த 41-வது நாள், வலது கை மடியில் கிடக்க, இடது கையால் போட்டது.

"போட்டாத்தான் பணம் கைக்கு வரும்னாங்க, வக்கீலம்மா."

யார் சொன்னது என்று கேட்டால் தலை குனிகிறார்.

நவம்பர் 6

தூக்கமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு எனக்கு மனப்பாடம். அரசுப் பணியில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. பழைய வேலை முடியாதா, அதே சம்பளத்தில் வேறு வேலை. அப்படி ஒன்று இல்லையா, கிடைக்கும் வரை, இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வயது வரை, அவருக்காகவே ஒரு மிகைப் பணியிடம். தபால் பிரிவில் உட்கார்ந்து இடது கையால் சீல் குத்த முடியாதா அவரால்?

அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்பார்கள். பஞ்சாப் மின்வாரிய ஊழியர் பகவான் தாஸும் பார்வை போனபின் ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தவர்தான். உனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர் பக்கம் நின்றது. இதை முதலிலேயே வைக்க வேண்டும்.

நவம்பர் 9

லாட்ஜில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஏழாம் மாதம், முதல் பிள்ளை. லீவு கேட்டதும் இனி வராதே என்றார்களாம். 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றதும் நம்பாமல் பார்த்தாள். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். ரிஜிஸ்டர் அவர்களிடம். இவளிடம் வாட்ஸ்அப்பில் ஷிஃப்ட் லிஸ்ட் இருக்கிறது. ஒன்றையும் அழிக்காதே என்று மூன்று தடவை சொன்னேன்.

நவம்பர் 11

தச்சர் வந்து பார்த்தார். 9 படிக்குச் சரிவுப் பலகை போட இடம் போதாதாம்.

நவம்பர் 12

கவுண்டர் வந்துவிட்டது. மூன்று பக்கத்தில் நான்கு இடத்தில் 'தாமாக முன்வந்து'. வேறு வேலை தர முடியுமா என்று பார்த்ததாக ஒரு வரி இல்லை. கை நடுங்கியது எனக்கு.

நவம்பர் 14

கீழே வாடகைக்கு ஓர் அறை இருக்கிறது. பூண்டு மூட்டை அடுக்கியிருந்த இடம். வாசலில் படி இல்லை.

நவம்பர் 17

அண்ணன் வழக்கு கோர்ட் லிஸ்டில் வந்துவிட்டது. நாளை, 38-வது. மதுரைக்கு நீங்கள் வரத் தேவையில்லை அண்ணே என்றேன். கேட்கவில்லை.

இரவு அண்ணி போன் செய்தார். இடது கையால் தினமும் பழகி அவருக்கு இப்போது எழுத்து நேராக வருகிறதாம், ஒரு நோட்டு முடிந்துவிட்டதாம். அதையும் எடுத்து வரச் சொன்னேன்.

நாலு மணிக்குக் கார். மூடுபனி இறங்கியிருக்கிறது.